அம்மாவின் பாஸ்போர்ட்டில் விழாத முத்திரை

மழை பெய்யும் காலைகளில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் நுழைவது ஈரக் கம்பளியின் வாடைதான். பிள்ளைகள் அதற்குப் பின்னால்தான் வருவார்கள். தலையில் கவிழ்த்திருக்கும் கம்பளியையும் சாக்கையும் வாசலில் உதறிச் சுவரோரம் குவித்துவிட்டு, சேறு படிந்த வெறுங்காலோடு அவர்கள் பலகைகளில் வந்து உட்காரும்போது, அந்தக் குவியலிலிருந்து ஆட்டு மயிரும் அடுப்புப் புகையும் தேயிலைத் தூளும் கலந்த ஒரு வாடை எழுந்து கூடம் முழுக்கப் பரவி, பிற்பகல் மணி அடிக்கும் வரை போகாது. கூடம் ஒன்றுதான், அதற்குள் ஐந்து வகுப்புகள். ஒரு கோடியில் அப்பா நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். மறு கோடியில் அம்மா சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அகரம் சொல்லிக்கொண்டிருப்பாள். கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள் எங்கள் வீடு. நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் தோட்டத்து ரோட்டில் மூன்றாவது வளைவில் அது இருந்தது.

அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிக்குத் தெற்கே, தேரி மண் பறக்கும் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள். இருவரும் ஆசிரியப் பயிற்சி முடித்தவர்கள். ஊரில் வேலை கிடைக்கவில்லை. இலங்கை சுதந்திரம் அடைந்து இரண்டு வருடங்கள் கழித்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று யாரோ திருச்சபையில் சொன்னதைக் கேட்டுக் கப்பல் ஏறினார்கள். நான் அந்த அறைகளில்தான் பிறந்தேன். ஐந்து வருடம் கழித்துத் தம்பியும் அங்கேயே பிறந்தான். இரண்டு வருடத்துக்கொரு தடவை மார்கழி விடுமுறையில் பெட்டி நிறையத் தேயிலையும் சோப்பும் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவோம். ஊரில் எங்களைச் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். திரும்பி வந்தால் தோட்டத்தில் நாங்கள் ‘இந்தியா மாஸ்டர் வீட்டு ஆளுங்க’. இந்த இரண்டு பெயர்களில் எங்களுக்கு உரியது எது என்று நான் அப்போது யோசித்ததில்லை. ரயிலும் கப்பலும் கிடைக்கிறதே என்ற சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் அப்பா அம்மாவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வருடத்துக்கு ஒரு முறை விசாவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தோட்டத்துத் துரையிடமிருந்து, இந்த ஆசிரியர் தேவை, இவர் நடத்தை நல்லது என்று ஒரு கடிதம் வேண்டும். அதை வாங்குவதற்காக அப்பா ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் துணியில் சுற்றி, கோட்டுப் பைக்குள் வைத்து, ஊசியால் பையின் வாயைத் தைத்துக்கொண்டு கொழும்புக்குப் போவார். அவர் திரும்பி வரும் வரை அம்மா அடுப்பங்கரையில் சத்தமில்லாமல் ஜெபம் பண்ணிக்கொண்டேயிருப்பாள். அப்பா வந்து பையைப் பிரித்து முத்திரையைக் காட்டியதும், “போவட்டும், இன்னும் ஒரு வருசத்துக்கு மூச்சு விடலாம்” என்பாள். அன்றைக்கு மட்டும் எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் விட்டுப் பாயசம் உண்டு.

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்த வருடம், ஐந்தாம் வகுப்பில் பாக்கியம் என்றொரு பெண் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் முத்துவேலு என்பவரின் மகள்; தாய் இல்லை. கடையில் மிளகாய் கட்டிக் கொடுக்கும் பத்திரிகைத் துண்டைப் பிரித்து, அதில் பாதியில் அறுந்துபோன செய்தியின் மீதிக் கதை என்ன என்று அம்மாவிடம் வந்து கேட்பாள். அம்மாவுக்குத் தெரியாவிட்டால் இவளே ஒரு மீதியைச் சொல்லுவாள். ஐந்தாம் வகுப்பு அப்பாவுடையது என்றாலும் பாக்கியம் அம்மாவின் பிள்ளை. மாலையில் எங்கள் அறைக்கு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். நான் தூங்கி விழும்போதும் அவள் வாசித்துக்கொண்டிருப்பாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்குப் ‘பேர் பதிவது’ ஒன்றுதான் வழி. ஆபீஸில் பெயரைப் பதிந்துவிட்டால் மறுநாள் காலையில் கூடையோடு கொழுந்து மலையில் நிற்க வேண்டும். அம்மா பாக்கியத்தை அதற்கு விடுவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். ஹட்டனில் விடுதியோடு ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே எழுதிக் கேட்டு, ஏழைப் பிள்ளைக்குச் சலுகை உண்டு என்று பதில் வந்த பிறகு முத்துவேலுவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

அவர் வாசற்படிக்குக் கீழேயே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்.

“பொட்டப்புள்ளைங்க. தாயில்லாதவ. அட்டன்ல தனியா விட்டுட்டு நான் எப்புடிங்க மலையில வேல செய்வேன்?”

“தனியா எங்க விடுதோம்? நான் இருக்கேன்லா. மாசம் தவறாம நானே போயிப் பாத்துட்டு வாறேன். லீவுக்கு நானே கூட்டிட்டு வருவேன்” என்றாள் அம்மா.

முத்துவேலு தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க பாத்துக்குவீங்கன்னா சரிங்க டீச்சரம்மா. உங்கள நம்பித்தான் அனுப்புறேன். வேற யாரு சொன்னாலும் அனுப்ப மாட்டேன்.”

கார்த்திகை மாதத்தில் அம்மா எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஹட்டனுக்கு அழைத்துப் போனாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாக்கியத்துக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். நானும் அம்மாவும் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். முடிந்து வந்தவள் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு வாரத்தில் சேர்த்துக்கொண்டதாகக் கடிதம் வந்தது. தை மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வர வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மா அந்தக் கடிதத்தைக் கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாசித்தாள். அப்படி அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அப்பா விசாவுக்காகக் கொழும்புக்குப் போனார். மறுநாளே திரும்பிவிடுகிறவர் அந்தத் தடவை மூன்று நாள் கழித்து வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. பையைப் பிரித்துப் பாஸ்போர்ட்டுகளை மேசையில் வைத்தார்.

“எனக்குப் போட்டுட்டான்” என்றார்.

அம்மா தன்னுடையதைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

“சின்ன வகுப்புக்கு இந்த நாட்டு ஆளையே போடலாமாம். வெளிநாட்டு டீச்சர் வேண்டாமாம். என் பொண்டாட்டியா இங்க இருக்கட்டும்னு எழுதிக் கொடுத்தேன். அத வாங்கி வச்சிக்கிட்டான். பதில் தபால்ல வரும்னான்.” அப்பா அப்போதுதான் உட்கார்ந்தார். “மார்கழி முடியறதுக்குள்ள நீ போயிரணும்.”

அந்தப் பதில் வரவேயில்லை. அப்பா இரண்டு முறை நினைவூட்டி எழுதினார். எல்லோருமாகப் போய்விடலாம் என்று அம்மா ஒருநாள் சொன்னாள்; ஊரில் தனக்கு வேலை கிடைக்கும் வயது தாண்டிவிட்டது, நாலு பேர் என்ன சாப்பிடுவது என்று அப்பா கேட்டார். அதற்குமேல் அவர்கள் அதைப் பேசவில்லை. அப்பா மட்டும் இருந்துவிடுவது என்று அப்படித்தான் முடிவானது.

புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால் அம்மா கீழ் லயத்துக்குப் போனாள். என் கையைப் பிடித்திருந்தாள். தான் போக வேண்டியிருப்பதையும், மாஸ்டர் இங்கேயே இருப்பதால் பாக்கியத்தின் படிப்புக்குக் குறை வராது என்பதையும் முத்துவேலுவிடம் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அவர் ஒரு பலகையைத் துடைத்து அவள் உட்காரப் போட்டார்.

“உங்களுக்குப் போகச் சொல்லி ஒரு கடுதாசியாவது குடுத்திருக்காங்க. நாங்க இங்கயே பொறந்தவங்க, ஆனா எந்த நாட்டுக் கணக்குலயும் இல்ல. எங்களுக்கு இருக்கச் சொல்லியும் கடுதாசி இல்ல, போகச் சொல்லியும் இல்ல” என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் வாக்கு வாங்கினாள். “பள்ளிக்கூடம் தொறக்குத அன்னைக்கே நீங்க கையோட கூட்டிட்டுப் போயி விட்டுரணும். முத்துவேலு மனசு மாறுததுக்குள்ள.” அப்பா தலையசைத்தார்.

நோர்வூட் பஸ் நிறுத்தம் வரை பாக்கியம் எங்களோடு நடந்து வந்தாள். தம்பியைத் தூக்கி வைத்திருந்தாள். பஸ் வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். “டீச்சர், அந்தப் பள்ளிக்கூடத்துல சப்பாத்து போடணுமா?”

“ஆமாட்டி. மாஸ்டர் ஷூ வாங்கித் தருவாக” என்றாள் அம்மா.

பஸ் திரும்பும் வரை அம்மா பின்னால் பார்க்கவில்லை. ஹட்டனில் ரயிலேறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னார் போய்ச் சேர்ந்தோம். கப்பல் துறையில் ஓர் அதிகாரி அம்மாவின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். அது வெளியேறியதற்கான முத்திரை. தனுஷ்கோடியில் இறங்கியபோது வெயில் கண்ணைக் குத்தியது. தம்பி, “எப்ப வீட்டுக்குப் போவோம்?” என்று கேட்டு அழத் தொடங்கினான்.

ஊரில் பெரியப்பா வீட்டின் பின்கட்டு எங்களுக்குக் கிடைத்தது. அம்மா நாலைந்து பள்ளிக்கூடங்களுக்கு எழுதிப் பார்த்தாள். பத்து வருடம் அந்நிய நாட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அகரம் சொன்னது இங்கே எந்தக் கணக்கிலும் சேரவில்லை. மாலையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சும்மா சொல்லிக்கொடுத்தாள். மலைக்குளிரில் வளர்ந்த எனக்கு அந்த வெயிலில் உடம்பெல்லாம் கொப்புளம் வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் தோட்டத்துப் பேச்சில் ‘பெரட்டு’ என்றும் ‘லயம்’ என்றும் சொன்னால் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மாதம் ஒரு கடிதம் அப்பாவிடமிருந்து வரும். மழை, சளி, புதிதாக வந்த டீச்சர், எங்கள் படிப்பு என்று எல்லாம் எழுதி, கடைசி வரியில் எப்போதும் பாக்கியம் இருப்பாள். ‘பாக்கியத்தை ஹட்டனில் விட்டு வந்தேன்.’ ‘பாக்கியம் வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறாள்.’ ‘பாக்கியம் இங்கிலீஷ் வாசிக்கிறாள், உன்னைக் கேட்டாள்.’ அம்மா மேலே உள்ளதை வேகமாக ஓட்டிவிட்டு அந்த வரியில் நிற்பாள். கிணற்றடியில் பெண்களிடம் சொல்லுவாள். வெளியே போகும்போது கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வாள். என் பரீட்சைத் தாளைப் பார்த்துவிட்டு, “பாக்கியம் மூணாவதா வாறா, நீ என்னட்டி பண்ணுத?” என்பாள். நான் பாக்கியத்தை வெறுக்க ஆரம்பித்தேன். அவளுக்குக் காய்ச்சல் வந்து பரீட்சையில் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் உண்டு.

இரண்டு வருடம் கழித்து அப்பா இருபது நாள் விடுமுறையில் வந்தார். தம்பி அவரைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தான். யாரோ பள்ளிக்கூடத்து ஆள் என்று நினைத்துச் ‘சார்’ என்று கூப்பிட்டான். அப்பா சிரித்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா பாக்கியத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். இரட்டைச் சடை போட்டிருக்கிறாள், உயரமாகிவிட்டாள், வலைப்பந்து ஆடுகிறாள் என்று அப்பா சொன்னார். இருபது நாளும் முடிந்து அவர் போனபோது தம்பி அவரோடு சகஜமாகத் தொடங்கியிருந்தான்.

அதற்கும் இரண்டு வருடம் கழித்து அப்பாவின் விசாவும் நின்றது. ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு படுக்கைச் சுருளோடும் வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பின்கட்டில் எங்கே உட்கார்வது என்று தெரியாமல், வந்த விருந்தாளியைப் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்த வருடக் கடைசியில் கடல் பொங்கி, நாங்கள் எல்லோரும் வந்திறங்கிய தனுஷ்கோடித் துறைமுகத்தையே கொண்டுபோய்விட்டது.

வந்த மூன்றாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் அம்மா கேட்டாள். “பாக்கியம் எந்த வகுப்புல இருக்கா? நீங்க இல்லாம லீவுக்கு யாரு கூட்டிட்டு வருவா? முத்துவேலுகிட்ட சொல்லிட்டுத்தான வந்திய?”

அப்பா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. எழுந்து போகலாமா என்று நினைத்தேன், போகவில்லை.

“அவ அங்க போவவே இல்ல” என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பா தலையை நிமிர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனார். சப்பாத்து வாங்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் லயத்துக்குப் போனாராம். டீச்சரம்மா இல்லாமல் பெண்பிள்ளையை அனுப்ப முடியாது என்று முத்துவேலு சொன்னாராம். முந்தின நாள்தான் பெரிய கிளாக்கர் அப்பாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, வேலைக்கு வரவேண்டிய பிள்ளைகளை மாஸ்டர் வெளியே அனுப்புகிறார் என்று துரை காதுக்குப் போயிருக்கிறது, அடுத்த வருடமும் கடிதம் வேண்டுமல்லவா என்று கேட்டிருந்தார். “அதனால ரெண்டாந்தடவ நான் கேக்கல. வற்புறுத்தியிருந்தா அவரு அனுப்பியிருப்பாரு. எனக்குத் தெரியும். நான் கேக்கல. அந்த வாரமே அவளுக்குப் பேர் பதிஞ்சிட்டாங்க.”

சப்பாத்து என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. வேறொன்றைத்தான் கேட்டாள்.

“நீங்க பயந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எனக்கும் அந்தப் பயம் உண்டும். ஆனா எனக்கு ஏன் அப்படி எழுதுனிய? நாலு வருசம்?”

“நீ ஒவ்வொரு காயிதத்துலயும் அவளத்தான மொதல்ல கேட்ட. இல்லன்னு எழுதக் கை வரல. ஒரு தடவ எழுதிட்டேன். பெறகு நிப்பாட்ட முடியல.” சோற்றைப் பிசைந்தபடி, “தெனமும் கூடையோட பள்ளிக்கூடத்தத் தாண்டித்தான் போவா. என்னப் பாத்தா, ‘டீச்சர் சொகமா இருக்காங்களா’ன்னு கேப்பா” என்றார்.

அம்மா எழுந்து கை கழுவினாள். அழவில்லை, கத்தவில்லை. அன்று மாலை தெருப் பிள்ளைகள் சிலேட்டோடு வந்து வாசலில் நின்றபோது, உடம்பு சரியில்லை, போங்கள் என்றாள். மறுநாளும் அப்படியே சொன்னாள். ஒரு வாரத்தில் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா யாருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பிள்ளைகளுக்குக்கூட இல்லை. அப்பாவுக்கு வேளைக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், அவர் நோயாகக் கிடந்தபோது குறைவில்லாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டில் அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அப்பா பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பார், மடித்து வைப்பார், மறுபடி எடுத்து வாசிப்பார். இருபத்தேழு வருடம் அப்படி இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிறகு நாலு வருடத்தில் அம்மாவும் போனாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நடக்கும் கால் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று நான் அங்கே போய் வந்தேன். அந்தக் கப்பல் இல்லை, தலைமன்னாரிலிருந்து மலைக்கு ஏறும் பழைய பயணமும் இல்லை. கொழும்புக்கு விமானத்தில் போய்க் காரில் ஏறினேன். மூன்றாவது வளைவில் எங்கள் கூடம் இருந்த இடத்தில் அரசாங்கப் பள்ளிக்கூடம் இரண்டு மாடியாக நிற்கிறது. பத்தாம் வகுப்புக்கு மேலும் உண்டாம். எங்கள் இரண்டு அறைகளும் இருந்த இடத்தைச் சமப்படுத்திப் பிள்ளைகள் விளையாட விட்டிருக்கிறார்கள். துரை ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. கீழ் லயம் மட்டும் போகவில்லை. கூரைத் தகரத்தை மாற்றியிருக்கிறார்கள், அதே அறைகள், அதே வாசல்கள்.

அங்கே ஒரு வாசலில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாவிடம் முத்துவேலு மகள் பாக்கியத்தைத் தெரியுமா என்று கேட்டேன். அவள் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

“அவளும் நானும் ஒண்ணாத்தான் கொழுந்து எடுத்தோம். அவுங்க போயிட்டாங்களேம்மா. ரெண்டு கவருமெண்டும் பேசி, ஆள் பிரிச்சு அனுப்புனாங்கல்ல, அப்ப அவ, புருசன், ரெண்டு புள்ளைங்க எல்லாத்தையும் இந்தியாவுக்குன்னு எழுதிட்டாங்க. அட்டன் ஸ்டேசன்ல நாங்க எல்லாம் அழுதுக்கிட்டே ஏத்திவிட்டோம்.”

“இந்தியாவில் எந்த ஊர்?”

“அது தெரியலம்மா. நீலகிரின்னாங்க. அப்புறம் வேற எங்கயோ காட்டுப் பக்கமுன்னாங்க. போனதுலேருந்து ஒரு கடுதாசி இல்ல. இத்தனைக்கும் அவ நல்லா எழுதப் படிக்கத் தெரிஞ்சவ. எங்க எல்லாருக்கும் அவதான் எழுதிக் குடுப்பா.”

நீலகிரி என்றால் எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் பஸ் பயணம். அப்பா பத்திரிகை மடித்துக்கொண்டிருந்த வருடங்களில், அம்மா யாரோடும் பேசாமல் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த வருடங்களில், பாக்கியம் அங்கே இருந்திருக்கலாம். அந்த அம்மா என் சேலையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

“அப்ப நீங்க அங்கேருந்துதான வர்றீங்க” என்றாள் அவள், முகம் மலர்ந்து. “அவள எங்கயாச்சும் பாத்தீங்களா?”